உலர் எடை

வேலந்தாவளம் எடைமேடையில் எனக்கு வேலை.
வைக்கோல், செங்கல், பொள்ளாச்சித் தேங்காய்
ஏறி நின்று, சீட்டு வாங்கி, எல்லை தாண்டும்.
வாரத்தில் மூன்று நாள் நான் ஏறி நிற்பேன்
பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரியில்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

"சேட்டா, வெள்ளம் குடிச்சோ?" என்பாள் நர்ஸ் ஷைனி.
அவளுக்கு அது தண்ணீர்.
எனக்கு அது வெள்ளம்:
கணுக்காலில், இமையில்,
மல்லாந்தால் நெஞ்சுவரை.
இரண்டு மொழியும் சரிதான்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
மாத்திரை, காப்பி, ரசம், வெறும் தாகம்,
எல்லாம் அதற்குள்.
பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு கிழித்தாள் மனைவி.
பங்குனியில் கணவாய்க் காற்று
பனைமட்டையை உரசிக்கொண்டு வரும்போது
கோட்டை எவன் மதிப்பான்?
லாரி கழுவும் குழாயில் வாய் வைத்திருக்கிறேன்.
பெருமாள் கோயில் தீர்த்தத்துக்கு
இரண்டு முறை வரிசையில் நின்றிருக்கிறேன்.
பக்தி இல்லை.

நாலாம் கட்டில் செலஸ்தீனா.
கொழிஞ்சாம்பாறைக்காரி, பை தைக்கிறவள்.
ஊசி ஏறிய கையை அசைக்காமல்
மறு கையால் நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள்.
எட்டிப் பார்த்தேன். எங்கள் ஷிப்ட் மொத்தமும் இருந்தது,
பெயரும் பக்கத்தில் உலர் எடையும்.
நீரெல்லாம் வடித்தபின்
ஆள் என்று மிஞ்சுவது எவ்வளவோ, அது.
ஹனீபா ராவுத்தர் 61.
தத்தம்மா 38.
எடைமேடை மருதாசலம் 54½.

"என்ன இது, கிட்னி திரும்பி வரணும்னு வேண்டுதலா?"
"அவ்ளோ பெருசாக் கேக்க எனக்கு வராதுங்க.
ஏழு மணிக்கு ஜெபமாலை.
மூணாம் பத்துல உங்க பேரு.
இந்த மனுசன் இன்னிக்கு ராத்திரி
குழாய்ப் பக்கம் போகக் கூடாது, அவ்ளோதான்."

யார் சொன்னார்கள் இவளுக்குக் குழாயைப் பற்றி?
தராசுதான் சொல்லியிருக்கும்.
அன்று நான் நாலரை கிலோ கூடுதல்.

மறுநாள் ஏழு பத்துக்குக் குழாயடியில் நிற்கிறேன்.
திருகில் கை.
பயமில்லை, புண்ணியக் கணக்கும் இல்லை.
எட்டு மைல் தள்ளி ஒருத்தி
இரண்டு விரலுக்கு நடுவே
என் பெயரைப் பிடித்திருப்பாளே என்று
ஒரு கூச்சம்.
துண்டை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டேன்.

நாலரை மூன்றானது.
சித்திரையில் இரண்டே கால்.
படுத்தால் மூச்சு வாங்கவில்லை.
"உப்பைக் குறைச்சிட்டீங்க போல" என்றார் டாக்டர்.
குறைத்தும் இருந்தேன்.
கிரியாட்டினின் மட்டும் யாரையும் நம்பாமல்
இருந்த இடத்தில் இருந்தது.

ஆனியில் ஒரு திங்கள், நாலாம் கட்டில் காலி.
கையில் ரத்தக்குழாய் அடைத்து
திருச்சூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.
அவள் தங்கை மகன் பிரிட்டோ நோட்டோடு வந்தான்.
"பெரியம்மா உங்ககிட்டத் தரச் சொன்னாங்க.
ஏழு மணிக்காம்."

எனக்கு ஒரு மந்திரம் தெரியாது.
மருதமலைக்கு மொட்டை போட்டது ஒன்பது வயதில்.
எனக்குத் தெரிந்தது எடை சொல்வது.
சிமெண்ட் லாரி ஒன்று மேடையில் உறுமி நிற்க
கண்ணாடிக் கூண்டுக்குள்
சீட்டு வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன்:
ஹனீபா ராவுத்தர், அறுபத்தொன்று.
தத்தம்மா, முப்பத்தெட்டு.
டிரைவர் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.
பன்னிரண்டு பேரும் முடிந்தது.

தன் பெயரை அவள் எழுதியிருக்கவே இல்லை.
கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.
பேனாவைத் தேடி எழுதினேன், செலஸ்தீனா.
எடை தெரியாது.
ஷைனிக்கு ஃபோன் போட்டேன்.
"நாப்பத்திமூணர. எந்தா சேட்டா, இப்போ?"

ஒன்றுமில்லை என்றேன்.
பாட்டிலில் கோட்டுக்கு மேலே
இரண்டு விரல் தண்ணீர் இன்னும் இருந்தது,
மணி பத்தாகியும்.