அடி

பூட்ஸ் என்ன விலை என்று கேட்டாய், மோராக்.
விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் ஜோடி தொண்ணூறு டாலர்.
கோர் நகரத்துக் கடையில் தள்ளுபடி.
பக்கத்திலேயே நானூற்று ஐம்பதுக்கு ஒன்று இருந்தது.
அது கையைக் கடித்தது,
இதை எடுத்தேன்.
இது காலைக் கடித்தது.

ஒட்டவைத்த அடி. தையலே கிடையாது.
அப்போது திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை.
மட்டாவ்ரா ஆற்றின் நடுவில் தெரிந்தது:
தொடைவரை தண்ணீர், தெற்குக் காற்று,
வில்லோ நிழலில் ஒரு பழுப்பு டிரவுட்
பூச்சிக்கு மூக்கை நீட்டுகிற நேரம்,
வலது அடி கழன்றது,
ஈரக் கவரிலிருந்து தபால்தலை உரிவதுபோல.
எனக்கு முன்னால் மிதந்து போனது
என் காலடி.
டிரவுட் கொஞ்ச தூரம் அதன் பின்னால் போய்
முகர்ந்துவிட்டுத் திரும்பிற்று.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எனக்கு இரண்டும் ஆற்றில்தான்,
ஒன்றுக்குப் பிடி இல்லை, அவ்வளவே.
விழுந்தேன்.

மறுநாள் இறைச்சி ஆலையில்
ஆட்டுத்தொடையில் எலும்பெடுத்தபடி ஹெமி கேட்டான்:
கம்பளி அடி போட்டதா?
அது இந்த நாட்டில் தடை என்றேன்.
ஈரம் காயாது. அதில் பாசி ஒளிந்துகொண்டு
டிக்கெட் வாங்காமல் அடுத்த ஆற்றுக்குப் போய்விடும்.
பாறைச்சளி என்று அதற்குப் பெயர்;
பார்த்தால் நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி.
எந்தக் கடையிலும் பூட்ஸைக் கவிழ்த்துப் பார்ப்பேன்.
நடுவில் வளைப்பேன்,
ஓரத்தில் நகத்தை நுழைப்பேன்,
கயிற்றுக் கண்களை இழுப்பேன்: துருப்பிடிக்குமா?
பிரயோனி என்ற விற்பனைப் பெண்
பெண்கள் அளவு வரவில்லை என்றாள்.
ஆண்கள் ஏழு எடுத்தேன்.
ரப்பர் சாக்ஸுக்கு எப்படியும் இடம் வேண்டும்.
இல்லை, எடுக்கவில்லை. திரும்ப வைத்தேன்.
முந்நூற்று எண்பது.

கடைசியில் பண்ணைச் சாமான் கடை.
கட்டிடவேலைக்காரர்கள் போடுகிற பூட்ஸ்.
தடித்த ரப்பர் அடி, சுற்றிலும் இரட்டைத் தையல்,
நூற்று நாற்பது.
வீட்டுக்கு வந்ததும் டிரில்லை எடுத்து
பக்கத்துக்கு மூன்று ஓட்டை போட்டேன்.
வேலிக்கு மேலே கிரெய்க் எட்டிப் பார்த்தான்.
புதுசா?
புதுசுதான்.
பெட்டி இன்னும் புல்தரையில் கிடந்தது.
தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்றான்.
எப்படியும் வரும், கிரெய்க்.
வெளியே போக வழி இல்லாவிட்டால்தான்
காலுக்கு ஒரு வாளி.

அடியில் பதினாறு பதினாறு திருகாணிகள்,
பனிச்சாலை டயரில் அடிக்கிற ரகம்.
இடது காலில் ஒன்று ஆழமாக இறங்கிவிட்டது.
பெருவிரலுக்குக் கீழே
இன்றைக்கும் அது எனக்கு வணக்கம் சொல்கிறது.

மூன்றாவது பருவம் நடக்கிறது.
கயிறு இரண்டு முறை மாற்றினேன்.
தையல் ஒன்றும் விடவில்லை.
வழுக்குப் பாறையில் நின்றால்
வரிக்காரனைப்போல் நிற்கிறேன்.
கூழாங்கல்லில் நடந்தால் மட்டும்
கறுக் கறுக்கென்று,
யாரோ சர்க்கரை மூட்டையை இழுக்கிற சத்தம்.
முப்பது கஜத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மீனெல்லாம்
தலையைத் திருப்பிக்கொண்டு போகிறது.

ஆக, நூற்று நாற்பது.
திருகாணி இருபத்திரண்டு.
டிரில் கிரெய்க்குடையது,
இன்னும் திருப்பித் தரவில்லை.

மீன் பிடித்தேனா?
நீ கேட்டது பூட்ஸைப் பற்றித்தானே.