வெளியேறிய நேரம்

பித்தளைப் பலகையில் ரிசப்ஷன்.
பதினோரு வருடம் துடைத்துத் துடைத்து
நடுவில் ஓர் எழுத்து மழுங்கிவிட்டது.
கம்பிரியாவின் கடலோரத்தில்
பதினான்கே படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி.
மேஜைக்குப் பின்னால் க்வெண்டா டைசன்,
காலடியில் ஹீட்டர்,
வருகிறவர்கள் காலணியில் கொண்டுவந்த மணல்.

"இங்கே ரிசப்ஷன் இருக்கா?"
கைபேசியைக் கூரைக்கு நீட்டியபடி
ஆக்சிஜன் இறக்க வந்த லாரிக்காரர்.
"நான்தான்" என்கிறாள்.
கல்சுவர் இரண்டடி கனம்,
ஒரு கோடு சிக்னல் ஏறாது.
பழைய பகடிதான்; தினம் ஒருவருக்குப் புதிது.

மகள் டாம்சினுக்கு நாலு வயது.
அந்த நாட்டில் பள்ளியின் முதல் வகுப்புக்கும் அதே பெயர்.
ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்:
"நானும் அம்மாவும் ரிசப்ஷன்.
நான் அடுத்த வருஷம் மேல போயிடுவேன்.
அம்மா இன்னும் பாஸாகலை."

எனக்கோ அந்தச் சொல்
கோட்டும் மாலையுமாய் மேடையில் நின்று
கால் கடுத்த ஒரு ஜோடி,
கவரில் பெயர் எழுதப் பேனா தேடும் மாமா.
வரவேற்பு என்று தமிழில் சொன்னாலோ
உள்ளே வரவு உட்கார்ந்திருக்கிறது.
வரவு வந்தால் பின்னாலேயே செலவு.
செலவு என்றால்
காசுக்கு முன்பு, பழைய தமிழில்,
புறப்பட்டுப் போவது.
போவதற்கென்று
எந்தக் கட்டிடமும் மேஜை போட்டு
ஆள் வைத்ததில்லை.

ஒரு பத்திதான் உண்டு, பதிவேட்டின் ஓரத்தில்.
பெயர். யாரைப் பார்க்க. வந்த நேரம்.
வெளியேறிய நேரம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், பதினொன்றரைக்கு
தீ ஒத்திகை மணி.
சக்கர நாற்காலிகள், போர்வைகள்,
சமையல்காரர் கையில் இன்னும் கரண்டி.
புல்வெளியில் தலை எண்ணினார்கள்.
ஏட்டில் ஒன்பது பார்வையாளர்,
புல்லில் எட்டு.

"ஒருத்தர் உள்ளே" என்றார் தீயணைப்பு அதிகாரி.
இல்லை என்று அவளுக்குத் தெரியும்.
வில்ஃப்ரிட் பௌனஸ், ஆறாம் அறை, வந்தது 6.10.
எட்டே முக்காலுக்கு எனிட் மூச்சை விட்டாள்.
அவர் மனைவியின் மூக்குக் கண்ணாடியும்
பாதி தின்ற புதினா மிட்டாய்ப் பொட்டலமுமாக
சமையலறைக் கதவு வழியே போய்விட்டார்,
வாசலில் யாரிடமும் முகம் காட்ட வேண்டாமென்று.

"ஏட்டில் இருந்தால் உள்ளேதான்.
போன் போடுங்க" என்றார் அதிகாரி.
விதி அது. தப்பும் சொல்ல முடியாது.

உள்ளே போய் மேஜைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.
நாலாவது மணிக்கு எடுத்தார்.
"மிஸ்டர் பௌனஸ், ரிசப்ஷன்லேர்ந்து பேசறேன்.
மன்னிச்சுக்கோங்க, ஒரு கணக்குக்காக.
நீங்க உள்ளே இருக்கீங்களா, வெளியே வந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து
தானே அணைந்தது.
"சரியாத் தெரியலைம்மா" என்றார்.

"வெளியே" என்று அதிகாரியிடம் சொன்னாள்.
ஏட்டில் எழுதவில்லை.
அவள் கையெழுத்தில் அது பொய்யாகத் தெரிந்திருக்கும்,
அல்லது மதிய உணவு வந்துவிட்டது. எதுவோ.

அடுத்த வாரம் வியாழன், மழை.
முன்வாசல் வழியாக வந்தார் பௌனஸ்.
இறப்புச் சான்றிதழ் சம்பந்தமாக என்றார்,
அது நகராட்சி அலுவலகத்தில் என்று இருவருக்கும் தெரியும்.
"ஏதோ பாக்கி வச்சிட்டேன்னு கேட்டீங்களே."
நூலில் கட்டிய பேனாவை எடுத்தார்.
ஒன்பது நாள் பின்னால் புரட்டி
தன் வரியைக் கண்டுபிடித்தார்.

8.45 என்று எழுதுவார் என நினைத்தாள்.
சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து
3.20 என்று எழுதினார்.

பேனா எழுதவில்லை.
உதறி, நாக்கில் தொட்டு,
மறுபடி எழுதினார்.