எஞ்சிய ஆயுள்

மணலி சாலை, பதினோராம் எண் கிடங்கு.
கன்டெய்னர் கதவைத் திறந்ததும்
வேறொரு ஊரின் குளிர் முகத்தில் பட்டது.
அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.
ஹாம்பர்க்கில் அடைத்த காற்று
நாற்பத்தொரு நாள் கடலில் வெந்து
உண்மையில் ரப்பர் வாடைதான் அடித்தது.

உள்ளே ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள்,
பிளாஸ்டிக் தாளுக்குள் தோளோடு தோள்,
மழையில் பேருந்துக்கு நிற்பவர்கள்போல.
ஒன்றின் விலாவில் இன்னும் ஒட்டியிருக்கிறது
எந்த நர்ஸோ வைத்த பட்டாம்பூச்சி.

என் வேலை சின்னது.
பட்டயப் பொறியாளர், நீல முத்திரை.
தயாரித்த ஆண்டு என்ன,
ஓடிய மணி எத்தனை,
இனி எத்தனை ஆண்டு ஓடும்.
கடைசிக் கேள்விக்குத்தான் கூலி.

மனிதருக்கு இதை எழுதித் தர
எந்த டாக்டரும் துணியமாட்டார்,
"நம்ம கையில என்ன இருக்கு" என்று மேலே பார்ப்பார்.
எனக்கு மேலே பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ்.
விதி என்றால் எங்கள் தொழிலில்
பக்க எண் உண்டு, உட்பிரிவு உண்டு,
திருத்தமும் உண்டு.
திருத்தம் வரும் நாளில்
கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

ஏஜென்ட் லாசர் செருப்பைத் தரையில் தேய்க்கிறார்.
"ஏழுன்னு போடுங்க மேடம்.
அஞ்சுன்னா உள்ள விடமாட்டான்.
திருப்பி அனுப்புற காசுல புதுசே வாங்கிரலாம்.
ஒரு நாள் வாடகை ஒம்பதாயிரம்,
நேத்தோட பதினாலு நாள்."

கொருக்குப்பேட்டையிலிருந்து வசுமதி
மூன்றாவது முறை அழைக்கிறாள்.
அவள் மையத்தில் நான்கு இயந்திரம், மூன்று ஷிஃப்ட்,
விடியுமுன் தொடங்கும் ஷிஃப்டும் நிரம்பிவிட்டது.
"புதுசு ஏழு லட்சம் சொல்றான்.
இது ஒன்னே முக்காலுக்கு வருது."
பிறகு குரலைத் தாழ்த்தி
"நல்லா இருக்குல்ல?" என்கிறாள்,
பெண் பார்த்துத் திரும்பியவளிடம் கேட்பதுபோல.

ஜெனரேட்டரில் கம்பியைச் செருகினேன்.
ஐந்து கண் விழித்து
ஜெர்மனில் எதையோ கேட்டன.
ஆம், இல்லை, அப்புறம் என்று அழுத்தும் அளவுக்கு
எனக்கும் அந்த மொழி தெரியும்.
முப்பத்தோராயிரம் மணி. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
பம்ப் சுழன்றது. கசிவில்லை. சூடு சரி.

பட்டாம்பூச்சி மட்டும்
தன் கடைசி வேலையை மறக்காமல் வைத்திருந்தது:
குறித்தது நான்கு மணி நேரம்,
நின்றது இரண்டு மணி ஐம்பதில்.
எடை 48.2.
பெயரை அழித்துத்தான் கப்பலேற்றுவார்கள்,
அது அவர்கள் ஊர் விதி.
ஏன் நிறுத்தினார்கள்?
கால் இழுத்துப் பிடித்திருக்கலாம்.
கூட்டிப்போக மகன் முன்னதாக வந்திருக்கலாம்.
பனி கொட்டியிருக்கலாம்.
"என்ன மேடம், எர்ரரா?"
"இல்ல, பழைய கணக்கு."

இரண்டுக்கு ஏழு எழுதினேன், கை நடுங்கவில்லை.
மூன்றுக்கு, பம்பை மாற்றினால், ஏழு.
அந்த 'மாற்றினால்' என்பதையும் எழுதினேன்,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.

ஆறாவது விழிக்கவே இல்லை.
திறந்து பார்த்தால் மதர்போர்டில் பச்சை பூத்திருந்தது,
எந்தத் துறைமுகத்து உப்போ.
"பார்ட்ஸுக்காவது ஆகுமே" என்றார் லாசர்.
உதிரிபாகம் என்றால் அது வேறு அத்தியாயம்,
கழிவு என்றால் இன்னொன்று,
இரண்டுக்கும் வேறு மேசை, வேறு முத்திரை.

வசுமதியிடம் "அஞ்சு" என்றேன்.
மறுமுனையில் அவள் உதடு பெருக்குவது கேட்டது.
"ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேர். பரவால்ல."
கொஞ்சம் பொறுத்து,
"பதினெட்டு பேரை வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

மை காயட்டும் என்று
காகிதத்தை மின்விசிறிப் பக்கம் பிடித்தேன்.
லாசர் டீ வாங்கி வந்தார்.
என் கிளாஸை வைக்க இடம் தேடி
ஆறாவதின் தலைமேல் வைத்தார்.