டோக்கன் 214

மாட்டுத்தாவணி வண்டி ஸ்டாண்டில்
எனக்கு ராத்திரி வேலை.
பத்து மணிக்கு மேல் வரத்துக் குறையும்.
அப்போதுதான் விதைகளைப் பிரிப்பேன்.

நத்தம் வண்டி கண்டக்டர் ரபீக்
தோல்பையின் சின்ன அறையில் கொண்டுவருவார்,
அழகர்மலை அடிவாரத்துச் சரக்கொன்றை,
சிறுமலைத் தான்றி,
எந்த ஊர் என்று அவருக்கே மறந்துபோன
ஆனைக்குன்றிமணி.
"டிக்கெட் எடுக்காத ஆளுகண்ணே" என்று கொட்டிவிட்டு
டீ குடிக்கப் போவார்.

கொன்றைக்கு நகவெட்டி.
ஓரத்தில் ஒரு கிள்ளு.
வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்;
கூடப் போனால் உள்ளே இருப்பது போயிற்று,
குறையப் போனால் தண்ணீர் வாசலோடு திரும்பிவிடும்.
வெந்நீர் கிளாஸில் ராத்திரி முழுக்க ஊறி
காலையில் உப்பியது மண்ணுக்கு,
உப்பாதது மறுபடி நகவெட்டிக்கு.

இலுப்பை அவசரக்காரி.
பழம் விழுந்த வாரமே புதைக்காவிட்டால்
கோபித்துக்கொண்டு செத்துவிடும்.

கடம்பை விதை என்று சொல்லவே கூச்சம்.
மூக்குப்பொடி.
ஒரு தும்மல் போட்டால் ஒரு காடு காலி.
மணலில் கலந்து தூவி
மூடாமல் விட்டு
தட்டில் தண்ணீர் வைத்து
அடியிலிருந்து குடிக்கவிட வேண்டும்.
எல்லாம் செய்தாயிற்று.
கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊரில்
மூன்று வருஷமாய் எனக்கு
ஒரு கடம்பும் முளைக்கவில்லை.

பைகள் பஞ்சவர்ணம் டீக்கடை தருவது,
கழுவிக் காயப்போட்ட ஆவின் கவர்கள்.
எது எந்த மரம் என்று மறக்காமலிருக்க
ஒவ்வொன்றிலும் ஓர் உடைந்த டோக்கன்.

214 மட்டும் உடையாதது.

ஆனி மாதம், நினைக்காத மழை.
ஒருவன் டிவிஎஸ் வண்டியைத் தள்ளிவிட்டு
திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.
டோக்கன் மேஜையிலேயே கிடந்தது.
கூப்பிட்டேன். மழை சத்தம்.

நாலு நாள் பார்த்தேன்.
பிறகு அதை ஒரு பையில் குத்தி
ஓர் ஆனைக்குன்றிமணியைப் போட்டேன்.
உப்புத்தாளில் தேய்க்காமல்,
வெந்நீர் காட்டாமல்,
அப்படியே.
என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று.

வண்டிக்கு முதலில் காற்று இறங்கியது.
அப்புறம் சீட்டில் பூனை குட்டி போட்டது.
வாடகை தினம் பதினைந்து ரூபாய்.

தை பத்தாம் தேதி வந்தான்.
இளைத்திருந்தான்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
கேட்கவில்லை.
"டோக்கன் இல்லைண்ணே."
"இருக்கு" என்று சுவரோரம் போனேன்.

பையில் ஒரு சாண் உயரத்துக்குச் செடி.
ஆனைக்குன்றிமணி இல்லை,
காக்கா போட்ட வேம்பு.
டோக்கனின் ஓட்டைக்குள் நுழைந்து
மறுபக்கம் போயிருந்தது வேர்.

இருநூற்றிரண்டு நாள்,
மூவாயிரத்து முப்பது ரூபாய்.
வண்டியை விற்றாலும் அவ்வளவு தேறாது.
பதினாலு நாளுக்கு வாங்கிக்கொண்டு
நோட்டில் ஏதோ எழுதினேன்.
"செடியையும் கொண்டு போறியாப்பா?"
"வேம்பாண்ணே? எங்க ஊர்ல வேம்புக்கா பஞ்சம்?"
சொல்லிவிட்டு, பஞ்சர் கடைப் பக்கம்
உருட்டிக்கொண்டு போனான் மொக்கராசு.
கையெழுத்தைப் பார்த்துத்தான் பேர் தெரிந்தது.

டோக்கன் ஸ்டாண்டுக்கு வேண்டும்.
வேரை அறுக்காமல் உருவ
அரை மணி நேரம் ஆனது.
வேம்பை ஆம்னி பஸ் பக்கத்துச் சுவரோரம் நட்டேன்,
யாரும் ஒன்றுக்குப் போகாத இடமாய்த் தேடி.

மிச்ச மண்ணை உதறினால்
அடியில் அது,
சிவப்பு,
நேற்றுப் போட்டது மாதிரி.
கழுவித் துடைத்தேன். ஒரு கீறல் இல்லை.

சிமெண்ட் தரையில் மூன்று தேய்ப்பு.
நாலாவதில் உள்ளே வெளுத்தது.
நிறுத்திவிட்டேன்.

மணி நாலே கால்.
முதல் நத்தம் வண்டி உறுமுகிறது.
வெந்நீர் கிளாஸை ஓரமாய் வைத்து
மேலே 214-ஐ மூடியிருக்கிறேன்,
பஞ்சவர்ணம் அள்ளிக்கொண்டுபோய்க் கழுவிவிடாதபடிக்கு.