வந்த நோக்கம்

எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
நாலு பக்கம் எழுதிக் குடுங்கம்மா என்றார் முதலாளி.
நான் கணக்குப் பார்க்கிறவள்.
பேரேடு தெரிந்தவளுக்கு வரலாறு வராமலா போகும் என்று
அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

மாடிப்படிக்கு அடியில்
கிழிந்த கொசுவலைகளோடு
நூற்றுப் பதினொரு பதிவேடு.
கரையான் தின்றது போக எண்பத்தாறு.

முதல் ஏட்டில் போர்டிங் ஹவுஸ். பிறகு லாட்ஜ்.
இப்போது ரெசிடென்சி.
ஆடிக்காற்றில் போர்டு பெயிண்ட் உரிந்தால்
மூன்று பெயரும் ஒட்டுக்காத் தெரியும்.

திங்கட்கிழமை ராத்திரிகளில்
ஈரோட்டுக்கு வந்த எல்லோருக்கும் ஒரே நோக்கம்: ஜவுளி.
பதினாறு அறையில் நாற்பது பேர்.
படிக்கட்டில் மூட்டைமேல் தூங்கியவர்களுக்குப்
பாதி வாடகை, சிவப்பு மையில்.

மற்ற நாளில் பலவிதம்.
கோர்ட் வாய்தா. கண் ஆபரேஷன். பெண் பார்க்க.
கூடுதுறையில் அஸ்தி கரைக்க.
ஒருத்தர் எழுதியிருக்கிறார்: மைத்துனனைத் தேடி.
அடுத்த மாதமும் அவரே, அதே நோக்கம்.
அதற்கடுத்த மாதம் வேறு கையெழுத்து:
அக்கா புருஷனைத் தேடி.

எட்டாம் நம்பருக்கு
மாசி பிறந்தால் வந்துவிடுவார் சாங்க்லி வியாபாரி
பாண்டுரங் மானே.
நோக்கத்தை அவர் பாஷையில் எழுதுவார்.
கீழே மேனேஜர் தமிழில்: மஞ்சள்.

இருபத்திரண்டு மாசி.
விலை ஏறிய வருஷமும் மஞ்சள்,
விழுந்து பாதியான வருஷமும் மஞ்சள்.
துணி வெளுக்கும் சின்னராசு
எட்டாம் நம்பர் தலையணை உறைக்கு மட்டும்
அஞ்சு பைசா கூடக் கேட்டிருக்கிறார்.
எந்தச் சோடாவுக்கும் போகாத கறையாம்.
கொடுத்திருக்கிறார்கள். வவுச்சர் இருக்கிறது.

அடுத்த வருஷம் மாசியில் ஆளைக் காணோம்.
ஐப்பசியில் வந்திருக்கிறார்,
ஏலத்தில் சரக்கில்லாத மாசம்.
அதே எட்டு.
நடுங்கிய எழுத்து.
நோக்கம் என்ற கட்டத்தில்
முதன்முதலாக அவர் கையாலேயே தமிழ்,
புள்ளி ஒன்று விட்டுப்போய்:
சுமமா.

மூன்று நாள்.
காபி ஒன்பது. வெந்நீர் ஆறு வாளி.
டிரங்க் கால் இல்லை. தேடி வந்தவர் இல்லை.
பாக்கி இல்லை.
பிறகு எந்த ஏட்டிலும் அந்தப் பெயர் இல்லை.

எழுதிக் கொடுத்தேன்.
முதலாளி படித்துவிட்டு, தங்குனவங்க கதையெல்லாம் எதுக்குங்க,
லிஃப்ட் போட்ட வருசத்தைப் பெருசாப் போடுங்க என்றார்.
போட்டாயிற்று.

எட்டு இப்போது நூற்றெட்டு.
ஆதாரை ஸ்கேன் செய்தால்
பெயர், ஊர், வயது தானாக விழுகிறது.
நோக்கத்துக்கு மட்டும் பட்டியல் விரிகிறது:
தொழில். மருத்துவம். சுற்றுலா. மற்றவை.

சாஃப்ட்வேர் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்,
இதில் இன்னும் ஒன்று சேர்க்க முடியுமா?
எத்தனை எழுத்துங்க மேடம்?
மூணு.
கொஞ்சம் யோசித்தான்.
நோம்பி முடியட்டுங்க, பாக்கலாம் என்றான்.