நிரந்தரப் பெயர்

இழப்பீட்டுப் படிவத்தின் முதல் கட்டம்:
நிரந்தரப் பெயர்.
தைப்பேயிலிருந்து வந்தவர் பேனாவை நீட்டுகிறார்.

எங்கள் லான்யூ தீவில் பிள்ளை பிறந்தால்
பெற்றவர் பெயர் மாறிவிடும்.
மனிலோஸ் பிறந்த அன்று
நான் சியாமன் மனிலோஸ்,
மனிலோஸின் அப்பன்.
பழைய பெயரைக் கூப்பிட ஆளில்லை.

மீன் டப்பா ஆலை என்றுதான் சொன்னார்கள்.
வந்திறங்கியவை அணுக்கழிவுப் பீப்பாய்கள்,
பறக்கும் மீன் வரும் மாதங்களிலும்.
துருவேறியவற்றை வேறு பீப்பாயில் அடைத்துப்
புது எண் ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.
படகுக் கடன் அடைந்தது.

'எத்தனை தலைமுறைக்கு இது?' என்றேன்.
'அதற்குக் கட்டம் இல்லை' என்றார்,
கேலி இல்லாமல், களைத்த குரலில்.

மனிலோஸின் பள்ளிக் கட்டணத்துக்கு
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

எழுதுகிறேன்.
என் பெயரை மட்டும் எழுத
எங்கள் மொழியில் வழியில்லை;
அவளும் சேர்ந்தே விழுகிறாள் தாளில்.