கத்தியைத் தப்பாகப் பிடித்தல்

பதிப்பகத்திலிருந்து இசிடோரா அழைக்கிறாள்:
"ஏழாம் அத்தியாயம் என்னாச்சு, நிபால்டோ?"

ஆறு வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது.
அப்பா கப்பலேறிப் போனது,
பதினோரு வயதில் முதல் சைக்கிள்,
வால்பரைசோத் துறைமுகத்தில்
பெரு நாட்டு மாலுமியிடம் அடித்த கைக்கடிகாரம்
(அது ஓடாத கடிகாரம்)
எல்லாம் எழுதியாயிற்று.
வாசகர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கவைப்பது எனக்குக் கைவந்த வேலை.

ஏழில் மருந்துக்கடை வருகிறது.

இருபத்திரண்டு வருடமாகத் தொலைக்காட்சியில் திருடன் வேடம்.
கன்னத்துத் தழும்புக்கு ஒப்பனைச் செலவு மிச்சம் என்று
தயாரிப்பாளர்கள் தோளைத் தட்டியிருக்கிறார்கள்.
ஒருமுறை புது இயக்குநர்ப் பையன் சொன்னான்:
"இன்னும் இயல்பாப் பிடிங்க, தோன் நிபால்டோ."
ரப்பர்க் கத்திதான்.
ஆனாலும் என் கை
என்னைக் கேட்காமல் அதைச் சரியாகப் பிடித்துவிட்டது:
கட்டைவிரல் மேலே,
அலகு மணிக்கட்டோடு ஒட்டிப் பதுங்கி,
தோள் தளர்ந்து,
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மாதிரி.
எதிரே நின்ற பெண்ணின் கண்கள்
நடிப்பதை நிறுத்திக்கொண்டன.

அன்றிலிருந்து தப்பாகப் பிடிக்கிறேன்.
முஷ்டியில், தலைக்கு மேலே, முட்டாள் மாதிரி.
ஒரு விமர்சகர் எழுதினார்:
"ஒயார்சூனுக்கு நிஜக் குற்றவாளி யாரையும் தெரியாது போலும்."
வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
எனக்குக் கிடைத்த ஒரே விருது.

சரி. மருந்துக்கடை.

ஜூலை மாதம், மழை.
குன்றேறும் கம்பிவண்டி பாதியில் நின்றுகிடந்தது.
மூன்று நாளாகத் தூக்கமில்லை, சோறில்லை,
நெருப்பிட்டு இழுக்க அந்த மஞ்சள் தூள் மட்டும்.
அதுவும் தீர்ந்துவிட்டது.
உள்ளே நுழைந்தேன். கையில் அது இருந்தது.
எர்மெலிந்தா கெசாதா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:
"கதவைச் சாத்து, சாரல் அடிக்குது."
சாத்தினேன்.

அதற்குப் பிறகு நாலு வரைவு எழுதிப் பார்த்தேன்.
ஒன்றில் கை நழுவியது.
ஒன்றில் வெட்டு விழுந்தது.
ஒன்றில் அவள் இழுப்பறையை விடவில்லை,
அதனால் நேர்ந்தது.
நாலிலும் வினைச்சொல் இருக்கிறது,
அதைச் செய்த ஆள் இல்லை.
நாற்பத்தோராயிரம் பேசோ.
அவளது இரண்டு விரல்கள் அதற்குப் பின் மடங்கவில்லை.
மாத்திரையை இடக்கையால் எண்ணக் கற்றுக்கொண்டாளாம்.

நீதிமன்றத்தில், சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டார்கள்.
"சொன்னதும் கதவைச் சாத்தினான்," என்றாள்.
அவ்வளவுதான்.
எனக்குச் சாதகமா பாதகமா என்று
என் வக்கீலுக்கும் விளங்கவில்லை.
எனக்கு இன்னும்.

இசிடோராவுக்கு மீட்சி வேண்டும்.
சிறையில் நாடகம் என்னைத் தொட்ட தருணம் வேண்டும்.
ஒத்திகை அறையில் ஹீட்டர் இருந்தது, அதற்காகப் போனேன்.
கலை வந்தது பிறகு, கால் சூடான பிறகு.
விட்டது எப்போது என்கிறாள்.
ஆறு முறை விட்டேன்.
ஏழாவதை எண்ணுவதில்லை, எண்ணினால் காதில் விழுந்துவிடும்.
இன்று காலைகூட கேஸ் வண்டிக்காரன்
சிலிண்டரைக் கம்பியால் தட்டிக்கொண்டு போனான்.
அந்தச் சத்தத்தின் மறைவில்தான்
அப்போது பொட்டலம் கைமாறும்.
பதினெட்டு வருடம் ஆகிறது.
வாயில் எச்சில் ஊறியது.
காபிக் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
வண்டி அடுத்த வளைவு தாண்டும்வரை நின்றேன்.
இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

மாலையில் ஏழை அனுப்பினேன்.
ஒரே வரி:
'எர்மெலிந்தா கெசாதாவின் வலக்கையை நான் வெட்டினேன்.'

உடனே அழைத்தாள்.
"மிச்சம்?"
"மிச்சம் இல்லை."
அவள் பக்கத்தில் யாரோ அச்சு எந்திரத்தைத் திட்டுவது கேட்டது.
கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சரி," என்றாள்,
"எட்டு எப்போ வரும்?"